சிறு வாணிகத்துக்கு எளிய அகப்பக்கம்

மழை பெய்யும் நாளில் பால்மரம் வெட்டுவதற்கில்லை. இலையுதிர் காலத்திலோ பால் குறைகிறது. பால் குறையும்பொழுது வருவாயும் குறைகிறது. இதனை நம் தோட்ட மக்களுக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. இக்குறையை ஈடு செய்யும் பொருட்டே பல குடும்பங்களில் முறுக்கு சுடுதல், மசாலைத் தூள் அரைத்தல், துணி தைத்தல், பூமாலை கட்டுதல் போன்ற சிறு தொழில்கள் நடைபெற்று வருகின்றன. தோட்டத்தின் எல்லையே இத்தொழில்களுக்குச் சந்தையின் எல்லையாக இருந்த காலம் ஒன்றுண்டு. இன்று கைத்தொலைபேசியும் பொட்டல அஞ்சலும் அவ்வெல்லையை விரித்துள்ளன.

அகப்பக்கம் ஒன்றை அமைப்பதற்குக் கணினிக் கல்வி கற்றிருக்க வேண்டும் என்னும் நிலையும் மாறிவிட்டது. படத்தையும் எழுத்தையும் விரலால் நகர்த்தி வைத்தே பக்கத்தை உருவாக்க உதவும் கருவிகள் பல வந்துள்ளன. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதே இப்பொழுது கேள்வி. விளம்பரங்கள் பெரும்பாலும் ‘எளிது’, ‘இலவசம்’ என்னும் இரு சொற்களையே முன்நிறுத்துகின்றன. அச்சொற்களின் பொருளை ஆராய்ந்த பின் முடிவு செய்தலே நலம். அதற்கு உதவும் செய்திகளை இங்கு விளக்க முற்படுகிறோம்.

அகப்பக்கம் தேவைதானா?

வாரத்திற்கு 20 பொட்டலம் முறுக்கை அண்டை வீட்டாருக்கு மட்டும் விற்பவருக்கு அகப்பக்கம் தேவையில்லை. விலைப்பட்டியலையும் படத்தையும் வாட்ஸ்அப் வழி அனுப்பினாலே போதுமானது. வெளியூரார் பொருளைத் தேடி வருகின்றனர். ஒரே கேள்விக்கு நாள்தோறும் பலருக்கு விடை எழுத வேண்டியுள்ளது. தீபாவளிக் காலத்தில் வரும் கேட்புகள் குறிப்பேட்டில் அடங்கவில்லை. இத்தகைய நிலை ஏற்படும்பொழுதே அகப்பக்கம் பயன் தரும்.

அவ்வாறு தேவை ஏற்பட்டவர்கள், அகப்பக்கம் எதற்காக என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். பொருளையும் விலையையும் அறிவித்தால் மட்டும் போதுமா? பக்கத்திலேயே பணமும் பெற வேண்டுமா? இவ்விரண்டும் வெவ்வேறு தேவைகள். முன்னதற்கு ஒற்றைப் பக்கமே போதும். பின்னதற்குக் கடை போன்ற அமைப்பும், மாதக் கட்டணமும், இடைவிடாத கவனிப்பும் வேண்டும்.

தோட்ட வீடும் சொந்த வீடும்

அகப்பக்கத்திற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, அதன் முகவரி. இரண்டாவது, அதில் உள்ள படங்களும் விலைகளும் விளக்கங்களும் வாடிக்கையாளர் பட்டியலும். மூன்றாவது, இவற்றைத் தாங்கி நிற்கும் கருவி. முதல் இரண்டும் நமக்கு உரியவையாக இருக்கலாம். மூன்றாவது வேறொரு நிறுவனத்துக்கு உரியது. அங்கு நாம் குடியிருப்போர் மட்டுமே.

தோட்ட வீட்டில் வாழ்ந்தவர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வர். வீட்டை எத்துணை அழகாக வைத்திருந்தாலும், வாசலில் எத்தனை செடி வளர்த்திருந்தாலும், வேலை முடிந்ததும் அவ்வீட்டைத் திரும்ப ஒப்படைத்தே ஆக வேண்டும். உடன் கொண்டு செல்லக்கூடியவை நம் உடைமைகள் மட்டுமே. அகப்பக்கக் கருவியும் அத்தகையதே.

இது வெறும் அச்சமன்று. கூகிள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கு இலவசமாக வழங்கி வந்த எளிய அகப்பக்கங்களை 2024 மார்ச்சு மாதத்தில் நிறுத்திவிட்டது. பழைய முகவரிக்கு வந்தவர்களை வணிகரின் கூகிள் விவரப் பக்கத்திற்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் 2024 ஜூன் 10 வரையில்தான் இருந்தது. அதற்கு முன்னர், யாஹூ நிறுவனம் 2009 இல் அமெரிக்காவில் தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபொழுதும் எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. பெரிய நிறுவனம் ஆயிற்றே, என்றும் இருக்கும் என நம்புவதற்கில்லை.

எனவே, தொடங்குவதற்கு எளிதாக இருத்தல் மட்டும் எளிமை ஆகாது. விட்டு விலகுவதற்கும் எளிதாக இருத்தல் வேண்டும். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்னரும் இதனையே முதல் அளவுகோலாகக் கொள்ளல் தகும்.

முகவரி யார் பெயரில்?

முகவரி நம்முடையதாக இருப்பின், கருவியை மாற்றினாலும் வாடிக்கையாளர் நம்மைத் தேடி வந்து சேர்வர். முகவரியின் இடையில் கருவி நிறுவனத்தின் பெயர் இருப்பின், அந்நிறுவனத்தை விட்டு விலகும் நாளில் முகவரியும் கைவிட்டுப் போகும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய தாளில் பழைய முகவரியை அச்சிட்டுவிட்ட குடும்பத்திற்கு இது பேரிழப்பாகும்.

மலேசியாவுக்குரிய ‘.மை’ என முடியும் முகவரிகளை மைநிக் நிறுவனம் நிருவகிக்கிறது. அந்நிறுவனத்தால் ஏற்கப்பட்ட முகவர்களிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்தி முகவரியைப் பதிவு செய்யலாம். கட்டணம் முகவருக்கு முகவர் வேறுபடும். இருவர் மூவரிடம் கேட்டறிதல் நன்று. தவணை முடிவதற்குள் புதுப்பிக்கத் தவறினால் முகவரி பிறர் கைக்குச் செல்லக்கூடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. உறவினரோ, நகரத்தில் பணி புரியும் இளைஞரோ அகப்பக்கத்தை அமைத்துத் தர முன்வரும்பொழுது, முகவரியும் கணக்கும் அவருடைய மின்னஞ்சலில் பதிவாகிவிடுதல் உண்டு. பின்னர் மனத்தாங்கல் ஏற்பட்டாலோ, அவர் வெளியூர் சென்றுவிட்டாலோ, கடையின் சாவி அவரிடமே தங்கிவிடும். ஆதலால், யார் உதவினும் பதிவு தொழில் செய்பவரின் பெயரிலும் அவர்தம் மின்னஞ்சலிலும் அமைதல் வேண்டும். கடவுச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கும் இடத்தில் பாதுகாத்தல் நலம்.

கருவிகள் சில

கூகிள் சைட்ஸ் இலவசமானது, கற்பதற்கு எளிது. ஆயினும் பொருள்களைத் தேர்ந்து பணம் செலுத்தும் கடை அமைப்பு அதில் இல்லை. விலைப்பட்டியலை வைத்து, கேட்புகளை வாட்ஸ்அப்பில் பெற விரும்புவோர்க்கு இதுவே போதும்.

விக்ஸ் என்பதில் அழகிய மாதிரிப் பக்கங்கள் பல உள்ளன. அதன் இலவசத் திட்டத்தில் அந்நிறுவனத்தின் விளம்பரம் நம் பக்கத்தில் தோன்றும். சொந்த முகவரியை இணைக்கவோ பக்கத்தில் பணம் பெறவோ இயலாது. கட்டணம் செலுத்துவோர்க்கு இத்தடைகள் இல்லை. ஆனால், அங்கு அமைத்த பக்கத்தை அவ்வாறே பெயர்த்து வேறோர் இடத்தில் நிறுவ முடியாது.

வோர்ட்பிரெஸ் 2003 இல் தொடங்கிய மென்பொருள். இதனை எவரும் பயன்படுத்தலாம். இடம் தரும் நிறுவனங்களும் பல உள்ளன. ஒன்றில் மனநிறைவு இல்லையெனில் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு மற்றொன்றுக்குச் செல்லலாம். எனினும், கற்பதற்குச் சற்றுப் பொறுமை தேவை.

ஷாப்பிஃபை முழுமையாகக் கடைக்கென்றே அமைந்தது. சரக்கு இருப்பு, கேட்பு, பணம் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் கவனிக்கலாம். நிலையான இலவசத் திட்டம் இதில் இல்லை. நாளும் கேட்புகள் வந்துகொண்டிருக்கும் தொழிலுக்கே இது பொருந்தும்.

செலவுக் கணக்கு

ஒரு கருவிக்கு மாதம் 40 வெள்ளி கட்டணம் என்றும், ஒரு பொட்டலம் முறுக்கில் கிடைக்கும் இலாபம் 2 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின், மாதந்தோறும் முதல் 20 பொட்டலங்களின் இலாபம் கருவிக்கே சென்றுவிடுகிறது. விற்பனை இல்லாத மாதத்திலும் இக்கட்டணம் நிற்பதில்லை. தொடக்கத்தில் சலுகை விலை காட்டி, மறு ஆண்டில் கட்டணத்தை உயர்த்தும் திட்டங்களும் உண்டு. கட்டணம் அமெரிக்க டாலரில் இருப்பின், நாணய மாற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே, முதல் ஆண்டின் விலையை மட்டும் பாராது இரண்டாம் ஆண்டின் விலையையும் கேட்டறிதல் வேண்டும்.

சட்டம் கூறுவது

மேற்கு மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதனை மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்மில், பதிவு செய்தல் வேண்டும் என 1956 ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் விதிக்கிறது. சொந்தப் பெயரில் நடத்தும் தொழிலுக்கு ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி. வணிகப் பெயருக்கு 60 வெள்ளி.

அகப்பக்கத்தின் வழி விற்பவர்கள், 1999 ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அஞ்சல் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேரும் காலம் ஆகியவற்றைத் தெரிவித்தல் வேண்டும். இதனைச் சுமையெனக் கருத வேண்டா. முகம் அறியாத ஒருவர் நம்மை நம்பிப் பணம் அனுப்புவதற்கு இவ்விவரங்களே ஆதாரம்.

ஒரு மாலைப்பொழுதின் சோதனை

கட்டணம் செலுத்தும் முன்னர், கருவியை ஒரு மாலைப்பொழுது சோதித்துப் பார்க்கலாம். கைத்தொலைபேசியிலிருந்தே ஒரு பொருளின் விலையை மாற்றுங்கள். ஒரு படத்தைச் சேர்த்துப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா, இணைப்பு மெதுவாக உள்ள இடத்திலும் பக்கம் திறக்கிறதா எனக் கவனியுங்கள். இறுதியாக, பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் இறக்கி எடுக்க வழியுள்ளதா எனத் தேடுங்கள். வழி இல்லாத கருவியைத் தவிர்ப்பதே நலம்.

இச்சோதனையைச் செய்ய வேண்டியவர், முறுக்கு சுடும் அன்னையே அன்றி, கணினி அறிந்த மகன் அல்லர். மகனோ மகளோ மேற்படிப்பிற்காக வெளியூர் செல்லும் நாள் வரும். அதன் பின் விலையை மாற்ற ஆளின்றிப் பழைய விலையோடு நிற்கும் பக்கம், பூட்டிய கடையினும் தீயது. அது வந்தவரை ஏமாற்றி அனுப்புகிறது.

உதவி வேண்டுவோர், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் நாடி நிலையங்களை நாடலாம். முன்னர் பெடி என்னும் பெயரில் இயங்கிய இந்நிலையங்களில் சிறுதொழில் செய்வோர்க்கு இணைய வாணிகப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

சிறிதாகத் தொடங்குங்கள். முகவரியை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பட்டியலின் படி ஒன்றை மாதந்தோறும் எடுத்து வையுங்கள். கருவிகள் வரும், போகும். உங்கள் உழைப்பால் தேடிய நற்பெயர் உங்களிடமே நிலைத்திருத்தல் வேண்டும்.