வேலியோரத்துத் துத்தியையும் பாருங்கள்

செதில் பூச்சிகளின் உறவான பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். ஓரிரு ஆண்டுகளில் கொங்கு மண்டலத்து மல்பெரியையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியையும் அது பிடித்துக்கொண்டது. மல்பெரித் தழை கெட்டால் பட்டுப்புழு வளர்ப்பவருக்குப் பிழைப்பே இல்லை. பெயரில்தான் பப்பாளி. பருத்தி, காட்டாமணக்கு, செம்பருத்தி, துத்தி, பார்த்தீனியம் என்று 60-க்கும் மேற்பட்ட செடிவகைகளில் அது வாழும். ஆகவே பயிரை மட்டும் பார்க்கும் கணக்கெடுப்பு பாதிக் கணக்கெடுப்புதான் என்பது என் வாதம்.

பெண்பூச்சிக்குச் சிறகில்லை. பஞ்சுபோன்ற பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றில் மிதந்தும் அக்கம்பக்கம் பரவும். ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது பெரும்பாலும் நாம்தான்: நாற்றாக, பழமாக, கரணையாக. அதனால் நாற்றுப்பண்ணையும் சந்தையும் சாலையோரமும் கணக்கில் வரவேண்டும். ஒரு செடியில் பூச்சி ஒட்டியிருப்பதாலேயே அது உணவுச்செடி ஆகிவிடாது. காற்று கொண்டுவந்து போட்டிருக்கலாம். முட்டைப்பையும் குஞ்சும் தாயும் சேர்ந்திருந்தால்தான் அங்கே அது குடித்தனம் நடத்துகிறது என்று எழுதலாம். இனத்தை அறியவும் ஒரு வழி உண்டு. ஆல்கஹாலில் இட்டால் இந்த மஞ்சள் பூச்சி கருநீலமாகிவிடும். ஆனாலும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

மருந்தடித்தால் தீராதா என்று கேட்கலாம். மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுக்கிறது; வேலித் துத்தியில் தப்பியவை மறுபடி வயலுக்கு வருகின்றன. இதைவிட வலுவான கேள்வி வேறொன்று: 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிதானே இதை அடக்கியது, செடிப் பட்டியல் எதற்கு? குளவி அடக்கியது உண்மை. பூச்சி இன்னதென்றும் தாயகம் எதுவென்றும் தெரிந்ததால்தான் ஏற்ற குளவியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. மருந்து படாத களைச்செடியின் மாவுப்பூச்சி அந்தக் குளவிக்கும் இரைதான். ஆக, எல்லாக் களையையும் பிடுங்கச் சொல்வதற்கல்ல பட்டியல். எங்கே குளவியை விடலாம், எங்கே மருந்தை நிறுத்தலாம் என்று முடிவெடுக்கவும் அது வேண்டும்.

2020-இல் திருச்சூரில் கண்டறியப்பட்டுத் தமிழகத்துக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை வேறு. அதன் முதன்மை உணவு மரவள்ளி. நடவுக் குச்சியோடு ஏறிப் பயணம் செய்யும். அங்கே வேலியைவிடக் குச்சிக்கட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். உங்கள் வேலியிலோ தோட்டத்திலோ வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால், எந்தச் செடியில் என்று குறித்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.