இருக்கைக்கு அடியில் ஒரு காவலாளி

திருவனந்தபுரத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் புல்லுக்குப் பஞ்சம் வராது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழை பெறும் ஊர். காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் 2017 நவம்பர் 7ஆம் தேதி நடந்த முதல் சர்வதேச கிரிக்கெட் போட்டியே மழையால் 8 ஓவர் ஆட்டமாகச் சுருங்கியது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். வீட்டு முற்றத்துக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் யந்திரம் போதும். பெரிய மைதானங்களுக்கோ, ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி தேவைப்படுகிறது. அந்த வண்டியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் எழுத்தாளன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காலை நடைக்கு ஒரு மைதானத்துக்குப் போவது வழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த வண்டி நின்றது. ஓட்டுபவர் இறங்கிக் குனிந்து, வெட்டும் தட்டின் வாயில் அடைத்திருந்த ஈரப்புல்லைக் கையால் இழுக்கப் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது! எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. ஓடிப்போய்த் தடுத்தேன்.

"தம்பி, நீங்க எழுந்ததுமே எஞ்சின் நின்றிருக்கணுமே?" என்று கேட்டேன்.

அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "குழியில ஏறி எறங்கும்போதெல்லாம் எஞ்சின் நின்னு போவுது சார். அதான் மெக்கானிக் சீட்டுக்கு அடியில வயரை முறுக்கி விட்டுட்டாரு. இப்ப தொந்தரவே இல்ல."

தொந்தரவு இல்லைதான். காவலும் இல்லை.

இந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால்தான் கத்தி சுழலும். கத்தி ஓடும்போது ஆள் எழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதன்று. புறநகர் மின்சார ரயிலை ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே ஓட்ட வேண்டும். அவர் மயங்கி விழுந்து கை விலகினால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு பிரேக் தானாகப் பிடிக்கும். 'டெட் மேன்ஸ் ஹேண்டில்' என்று அதற்குப் பெயர். பெயர் அபசகுனமாக இருந்தாலும் அது காப்பது உயிருள்ளவர்களை. அதைக் கயிற்றால் கட்டிவிட்டு ரயிலை ஓட்ட எவராவது சம்மதிப்போமா?

புல்வெட்டும் யந்திரத்தின் கதை பழையது. இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் யந்திரத்தைப் பார்த்து 1830இல் இதை உருவாக்கினார். 1832 முதல் ரான்சம்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. அந்த நிறுவனத்திலிருந்து 1869இல் பிரிந்த 'ரான்சம்ஸ் அண்டு ரேப்பியர்' ரயில்வே கிரேன்களுக்குப் பேர் பெற்றது. ஆக, புல்வெட்டியும் ரயில்வேயும் ஒரு வகையில் பங்காளிகள்!

படிங்கின் யந்திரத்தில் உருளை போன்ற கத்தி மெதுவாகச் சுற்றியது. இன்றைய வண்டிகள் பலவற்றில் தட்டுக்கு அடியில் கத்தி விசிறிபோலச் சுழல்கிறது. அதன் நுனி நிமிடத்துக்கு 19,000 அடி வேகம் வரை போக அமெரிக்கத் தர விதி இடம் தருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் 180 கிலோமீட்டருக்கு வடிவமைக்கப்பட்டது. அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுழலும் இரும்புக்கு முன்னால்தான் அந்தத் தம்பி கையை நீட்டினார்.

அடுத்த ஆபத்து சரிவு. நம் ஊரோ மேடும் பள்ளமும். பல வண்டிகளின் கையேடுகள் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்கின்றன. ரயில்வே கணக்கில் இது 3.7 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பல்சக்கரம் வைத்து ஏறும் நீலகிரி மலை ரயில் பாதையில்கூட மிகச் செங்குத்தான இடம் 12.28 அடிக்கு ஓர் அடிதான். சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறு முனைக்கும் தரைக்கும் இடையே 27 செ.மீ. இருந்தால் அது 15 டிகிரி. அதற்கு மேல் போனால் அங்கே வண்டி வேண்டாம். ஈரப்புல்லில் அந்த அளவுக்குள்ளேயே சக்கரம் வழுக்கும். காயும்வரை காத்திருப்பதே நல்லது. வழக்கமான நான்கு சக்கர வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் கவிழும். தள்ளிக்கொண்டு நடக்கும் சிறு யந்திரத்துக்கு மட்டும் இதற்கு நேர்மாறான விதி.

ரயில் பாதையில் கீமேன் நாள்தோறும் நடந்து பார்ப்பது போல, கத்தியை ஓட்டுமுன் மைதானத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். கல், கம்பி, தென்னை மட்டை எல்லாவற்றையும் அகற்றுங்கள். கத்தியில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். குழந்தைகளை மைதானத்துக்குள் விடாதீர்கள். ஆசைக்கு மடியில் வைத்து ஒரு சுற்று வருவதும் கூடவே கூடாது. பின்னோக்கி வரும்போது திரும்பிப் பார்த்து ஓட்டுங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அடைப்பு எடுக்க வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டு, கத்தி நின்றதைப் பார்த்த பிறகு, கையால் அன்று, ஒரு குச்சியால் எடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டிப்ளமா படிக்கையில் ஒரு சிறு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஓர் அழுத்தும் யந்திரத்தின் காப்புக் கதவு வேலைக்கு இடைஞ்சல் என்று கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். தவறு என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வந்த பையன் நமக்கென்ன என்று பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் என் வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு விரல்கள் போயின. கம்பியைக் கட்டியது நானல்லன். ஆனால் கண்ணால் கண்டும் வாய் திறக்காதவன் நான். ஐம்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. இன்னும் அது உறுத்துகிறது.

ஆகவே இம்முறை பேசினேன். மைதானத்தின் நிர்வாகியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தார். வண்டியை மழையில் நிறுத்தியதால் சுவிட்சின் இணைப்பில் துரு ஏறித் தளர்ந்திருந்தது. எஞ்சின் அடிக்கடி நின்றதற்கு அதுவே காரணம். புது சுவிட்ச் போட்டார்கள். இரண்டு குழிகளை மண் போட்டு நிரப்பினார்கள். வண்டிக்கு ஒரு தகரக் கூரையும் வந்தது.

நேற்றுக் காலை அந்தத் தம்பி என்னைக் கண்டதும் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் காட்டிவிட்டு இறங்கி வந்தார். "இப்ப சரிதானே சார்?" என்றார்.

சரிதான் தம்பி.

நம் சங்க அன்பர்கள் பலர் குடியிருப்புச் சங்கங்களிலும் பள்ளி நிர்வாகங்களிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். உங்கள் மைதானத்தில் இப்படியொரு வண்டி இருந்தால், நாளைக்கே இருக்கைக்கு அடியில் ஒரு முறை குனிந்து பாருங்கள். அந்தக் காவலாளியை யாராவது கட்டிப் போட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.