மட்டைக்கு மேலே புத்தகம்: மாணவ விளையாட்டு வீரர்களைப் பாராட்டுவதன் அரசியல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் மானுமென்ட் அவென்யூ என்றொரு சாலை உண்டு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர்களுக்கும் தளபதிகளுக்கும் அந்தச் சாலையில் வரிசையாகச் சிலைகள் எழுப்பப்பட்டிருந்தன. 1996ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதே சாலையில் ஒரு கறுப்பின டென்னிஸ் வீரரின் சிலை திறக்கப்பட்டபோது நகரமே இரண்டுபட்டு விவாதித்தது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களுக்குப் பின் தளபதிகளின் சிலைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. 2021 செப்டம்பரில் இராபர்ட் லீயின் சிலையும் இறக்கப்பட்டது. அந்த வரிசையில் இன்று எஞ்சி நிற்பது ஆர்தர் ஆஷின் சிலை மட்டுமே.

அச்சிலையின் ஒரு கையில் டென்னிஸ் மட்டை, மறு கையில் புத்தகங்கள். சுற்றிலும் சிறுவர்கள். மட்டையைவிடப் புத்தகங்களே உயரத் தூக்கிப் பிடிக்கப்பட்டுள்ளன. கையில் நூலேந்தி நிற்கும் அண்ணல் அம்பேத்கரின் சிலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆஷின் பெயரில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு விருது வழங்கப்படுகிறது. உயர்கல்வியில் கறுப்பினத்தவரின் நிலையைப் பேசுவதற்காக 1984இல் தொடங்கப்பட்டு, பின்னர் ‘டைவர்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்த இதழ் இதனை வழங்குகிறது. வெள்ளையரல்லாத சமூகங்களைச் சேர்ந்த இளநிலை மாணவ, மாணவியரைக் கல்லூரிகள் இவ்விருதுக்குப் பரிந்துரைக்கின்றன. களத்தில் வென்றிருப்பது மட்டும் போதாது. படிப்பில் உயர்ந்த மதிப்பெண் வேண்டும். கல்லூரிக்கோ தம் சமூகத்துக்கோ தொண்டாற்றியிருக்கவும் வேண்டும். இந்த மூன்றும் ஏன் சேர்த்து எடை போடப்படுகின்றன? ஒடுக்கப்பட்ட சமூகத்தின் விளையாட்டு வீரர்களைப் பாராட்டும் ஒவ்வொரு மேடையும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அது.

உடலை ஏற்று, மனிதரை மறுத்தல்

ஆஷ் 1943இல் ரிச்மண்டில் பிறந்தார். அவருடைய தந்தை கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவின் காவலர். வீட்டருகே டென்னிஸ் திடல் இருந்ததால் சிறுவன் மட்டையைப் பிடித்தான். ஆனால் நகரின் வெள்ளையர் திடல்களில் அவன் கால் வைக்க முடியாது. உள்ளூரில் வளர வழியில்லாமல் பள்ளியின் இறுதியாண்டுக்காக வேறு மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்ற அவர், பின்னர் உதவித்தொகை பெற்று லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1965இல் கல்லூரிகளுக்கிடையிலான தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். 1968இல் அமெரிக்க ஓப்பன், 1970இல் ஆஸ்திரேலிய ஓப்பன், 1975இல் விம்பிள்டன் என்று வெற்றிகள் தொடர்ந்தன. அந்த வெற்றிகளுக்கிடையே பல்கலைக்கழகப் பட்டமும் இருந்தது என்பதையே அவர் பிற்காலத்தில் கறுப்பின இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார்.

1977 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் கறுப்பினப் பெற்றோருக்கு அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அனுப்பும் அளவுக்கு நூலகத்துக்கும் அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். விளையாட்டை வெறுத்து எழுதிய மடல் அன்று அது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஓடும் பாதையின் முடிவில் மிகச் சிலருக்கே இடம் இருக்கிறது என்ற எளிய கணக்கை அவர் முன்வைத்தார். அக்கணக்கு இன்றும் மாறவில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் கீழ் ஏறத்தாழ 5 லட்சம் மாணவர்கள் விளையாடுகின்றனர். அவர்களுள் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வோர் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அச்சங்கமே சொல்கிறது. மற்றவர்களின் வாழ்வைத் தீர்மானிக்கப்போவது அவர்கள் பெறும் பட்டமும் அதில் அடங்கிய கல்வியுமே.

அக்கல்வி எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக நான்காண்டுகள் ஆடிப் பின்னர் தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்ற டெக்ஸ்டர் மேன்லி, 1989இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் கண்ணீர் மல்க ஓர் உண்மையைச் சொன்னார். கல்லூரியில் நான்காண்டுகள் இருந்தும் அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவருடைய உடல் கல்லூரிக்குத் தேவைப்பட்டது. அவர் கற்றாரா என்று கேட்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

ஒரு சொல்லின் வரலாறு

‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொற்சேர்க்கை கேட்பதற்குக் கண்ணியமாக இருக்கிறது. அது பிறந்த கதை அவ்வளவு கண்ணியமானதன்று. 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி அணிக்காகக் கால்பந்து ஆடிய மாணவர் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரினார் அவருடைய மனைவி. கல்லூரி கால்பந்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று கூறி, 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. ஆட்டக்காரர்கள் ஊழியர்களாகக் கருதப்பட்டுவிடக்கூடும் என்ற அச்சத்தை எதிர்கொள்ளவே இச்சொல்லை உருவாக்கி எங்கும் புழங்கச் செய்தோம் என்று, என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாகத் தலைவராக 1951 முதல் 1988 வரை இருந்த வால்டர் பையர்ஸ் 1995இல் தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

மாணவர் என்று சொல்லி ஊதியத்தை மறுத்தனர். வீரர் என்று சொல்லி வகுப்பறையை மறுத்தனர். கல்லூரிக் கால்பந்தும் கூடைப்பந்தும் தொலைக்காட்சி உரிமங்களால் பெரும் பணம் ஈட்டின. அப்பணத்தை ஈட்டித்தந்த உடல்களில் பெரும் பங்கு கறுப்பின இளைஞர்களுடையது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பின்னரே, இக்கட்டமைப்பு உடையத் தொடங்கியது. அடுத்த மாதம் முதல் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம் என்றாயிற்று.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், பாராட்டு விழாவையும் ஐயத்தோடு பார்க்கத் தோன்றும். உரிமையை மறுத்துக் கேடயம் கொடுப்பது ஆதிக்கத்தின் பழைய உத்தி. எனவே எந்த விருதையும் அது எதனோடு சேர்த்து வழங்கப்படுகிறது, எதற்கு மாற்றாக வழங்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளால் உரைத்துப் பார்க்க வேண்டும்.

தகுதி என்னும் வாசல்

கல்வியையும் அளவுகோலாக வைக்க வேண்டும் என்றவுடன், நமக்கு நன்கு பழக்கமான இன்னொரு சிக்கல் எழுகிறது: எந்தக் கல்வி, எந்தத் தேர்வு?

1986இல் நடைமுறைக்கு வந்த ‘முன்மொழிவு 48’ என்ற விதி, முதலாண்டிலேயே ஆட விரும்பும் மாணவர் பள்ளியில் குறிப்பிட்ட தரப்புள்ளியையும் எஸ்.ஏ.டி. தேர்வில் 700 மதிப்பெண்ணையும் பெற்றிருக்க வேண்டும் என்றது. 1989 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட ‘முன்மொழிவு 42’ மேலும் ஒரு படி சென்று, இரண்டில் ஒன்றை மட்டும் எட்டியவருக்கு விளையாட்டு உதவித்தொகையே கிடையாது என்றது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் இதனை எதிர்த்து, ஆட்டம் தொடங்கும் வேளையில் அரங்கை விட்டு வெளியேறினார். ஏழை மாணவனுக்குத் திறந்திருந்த ஒரே வாசலையும் அடைக்கிறீர்கள் என்பது அவர் தரப்பின் வாதம்.

ஆர்தர் ஆஷ் எதிர்த்திசையில் நின்றார். தரத்தை உயர்த்தினால் நம் பிள்ளைகள் அதனை எட்டுவார்கள், எட்டமாட்டார்கள் என்று கருதுவதே இழிவு என்பது அவர் நிலைப்பாடு. இருவரும் ஒரே சமூகத்தின் நலனையே நாடினர். ஒருவர் கண்ணில் வெளியே நிறுத்தப்படும் மாணவன் பட்டான். மற்றவர் கண்ணில் உள்ளே சேர்க்கப்பட்டும் கல்வி மறுக்கப்பட்ட மாணவன் பட்டான்.

பின் நடந்தவை இப்பூசலுக்கு ஒருவகையில் விடை தந்தன. எதிர்ப்பின் விளைவாக அடுத்த ஆண்டே அவ்விதி தளர்த்தப்பட்டது. தொடர்ந்து வந்த மற்றொரு விதியின் தேர்வு மதிப்பெண் எல்லை கறுப்பின மாணவர்களைக் கூடுதலாக வடிகட்டுகிறது என்று 1999இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. என்.சி.ஏ.ஏ. நேரடியாக அரசு நிதி பெறும் அமைப்பன்று என்ற காரணத்தால் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளுபடியானது. இறுதியில் 2023 ஜனவரியில், சேர்க்கைத் தகுதியிலிருந்து பொதுத்தேர்வு மதிப்பெண்ணையே அச்சங்கம் நீக்கியது. தாம்ப்சன் வெளிநடப்புச் செய்து 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

நுழைவாயிலில் நிறுத்திவைக்கும் தேர்வும், உள்ளே வந்த பின் கொடுக்க வேண்டிய கல்வியும் வெவ்வேறானவை. வாயிலில் ‘தகுதி’ கேட்கும் நிறுவனம் உள்ளே கற்பிக்கும் பொறுப்பை ஏற்கவில்லையென்றால், அந்தத் தகுதி வெறும் வேலிதான். இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நம் நாட்டில் எழுப்பப்படும் தகுதிக் கூச்சலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஆஷின் அக்கறையையும் தாம்ப்சனின் எதிர்ப்பையும் ஒருசேரக் காப்பதற்கு வழி இதுவே: வாசலைத் திறந்து வைப்பது, உள்ளே வந்தவரைக் கற்பித்தே அனுப்புவது.

மூன்றாவது அளவுகோல்

சமூகத் தொண்டு என்பதே மூன்று அளவுகோல்களிலும் எளிதில் நீர்த்துப் போகக்கூடியது. மரக்கன்று நடுவதும் இரத்த தானம் செய்வதும் நல்ல செயல்கள்தாம். ஆனால் ஆஷின் பெயரால் தொண்டை அளக்கப் புகுவோர் அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். நிறவெறி அரசை எதிர்த்து, 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நடந்த போராட்டத்தில் அவர் கைதானார். 1992 செப்டம்பரில், இரத்தமேற்றலால் எச்.ஐ.வி. தொற்றிய உடலோடு, ஹெயிட்டி அகதிகளுக்காக வெள்ளை மாளிகையின் முன் மீண்டும் கைதானார். ஐந்து மாதங்களில் அவர் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில், கறுப்பின விளையாட்டு வீரர்களின் முழுமையான வரலாற்று நூல் இல்லாததைக் கண்டு, மூன்று தொகுதிகளாக அதனை எழுதி 1988இல் வெளியிட்டார்.

இத்தகைய தொண்டை நிறுவனங்கள் உடனே பாராட்டுவதில்லை. பால் ரோப்சன் 1919இல் ரட்கர்ஸ் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறினார். 1917, 1918 ஆண்டுகளில் நாட்டின் தலைசிறந்த கல்லூரிக் கால்பந்து வீரர்கள் வரிசையிலும் இடம்பெற்றார். பின்னாளில் பாடகராகவும் இனவெறி எதிர்ப்பாளராகவும் உலகறிந்த அவருடைய கடவுச்சீட்டை 1950இல் அரசு பறித்தது. கல்லூரிக் கால்பந்தின் பெருமைக் கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டது 1995இல்தான். அவர் இறந்து 19 ஆண்டுகளுக்குப் பின். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து முட்டியுயர்த்திய டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் சான் ஹோசே மாநிலக் கல்லூரியின் மாணவர்கள். அன்று அவர்கள் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2005இல் அவர்களுக்குச் சிலை வைத்தது அதே கல்வி நிறுவனம். பாராட்டு வந்து சேர 37 ஆண்டுகளாயின.

நம் களத்திலிருந்து

இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர்களுள் ஒருவரான பல்வாங்கர் பாலு சமார் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்குத் திடலைப் பராமரிக்கும் பணியிலிருந்தவர்; வெள்ளை அதிகாரிகளின் பயிற்சிக்காக நாள்தோறும் பந்து வீசினார். பின்னர் இந்து அணிக்குள் வந்தபோது களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டனர். தேநீர் இடைவேளையில் அவருக்கு அரங்குக்கு வெளியே மண்குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தும் அவருக்குத் தலைமைப் பொறுப்பு கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923இல் இந்து அணியின் தலைவராக முடிந்தது. பந்து வீசும் கை தேவைப்பட்டது, தலைமை தாங்கும் அறிவு ஏற்கப்படவில்லை. மேன்லியின் கதையும் பாலுவின் கதையும் இவ்விடத்தில் சந்திக்கின்றன.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அணி அரையிறுதியில் தோற்ற நாளில், ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழித்தவர்களையும் நாம் கண்டோம். வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சாதியின் மகள் என்ற நிலை நீடிக்கும்வரை, பதக்கம் மட்டும் ஒருவருக்கு மதிப்பைப் பெற்றுத் தராது.

ஆகவே நம் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவருக்குப் பொன்னாடை போர்த்தும் நாளில், மாணவர் அமைப்புகள் சில கேள்விகளை எழுப்பலாம். போட்டிகளால் அவர் தவறவிட்ட வகுப்புகள் மீண்டும் நடத்தப்பட்டனவா? தேர்வு நாளும் போட்டி நாளும் மோதியபோது கல்லூரி யார் பக்கம் நின்றது? காயமுற்று ஆட முடியாமற்போன மாணவரின் உதவித்தொகையும் விடுதி இடமும் தொடர்ந்தனவா? ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியேறினர்? விடுதியில் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்த வீராங்கனைக்கு அந்தப் பாராட்டுப் பட்டியலில் இடம் உண்டா?

இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லும் கல்லூரியின் கேடயத்தைத் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்ளலாம். விடை சொல்லாத கல்லூரியிடம் கேடயத்தைப் பெற்றுக்கொண்டே கேள்வியையும் கேட்கலாம். பரிசு பெற்றவர் கேட்கும் கேள்வியை மேடையிலிருப்பவர்கள் அவ்வளவு எளிதில் புறந்தள்ள முடியாது.