உங்களுக்குத் தெரியுமா? எஃப்.எம். சத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு

எஃப்.எம். ஒலிபரப்பில் ஒலி வலுக்க வலுக்க, வானொலி அலையின் அதிர்வெண் தன் நடுநிலையிலிருந்து கூடுதலாக விலகும். அமெரிக்காவில் இந்த விலகலுக்கான வழக்கமான உச்ச வரம்பு 75 கிலோஹெர்ட்ஸ். மீறினால் பக்கத்து அலைவரிசைக்கு இடைஞ்சல். ஆனால் வரம்பு கட்டுப்படுத்துவது உச்சத்தை. காது எடைபோடுவதோ சராசரியை. அந்த இடைவெளியில்தான் 'லிமிட்டர்' வேலை செய்கிறது: துருத்தும் உச்சங்களை அமுக்கி, மற்றதைத் தூக்கிவிடுகிறது. 1975-இல் பாப் ஆர்பன் உருவாக்கிய 'ஆப்டிமாட்' இதில் கைதேர்ந்த கருவி. அதை வைத்து, விதியை மீறாமலே பக்கத்து நிலையத்தைவிட ஓங்கி ஒலிக்க முடிந்தது.

ஓடும் காரின் இரைச்சலில் மெல்லிய பாட்டு எப்படிக் கேட்கும் என்று கேட்கலாம். நியாயம்தான், ஓரளவு அமுக்கம் தேவை. ஆனால் அளவு மிஞ்சினால் கெடுதல். வானொலிப் பெட்டியில் இரைச்சலைக் குறைப்பதற்காக, அமெரிக்காவில் 15 கிலோஹெர்ட்ஸ் ஓசையை ஒலிபரப்புக்கு முன்பே சுமார் 7 மடங்கு உயர்த்திவிடுகிறார்கள். அதனால் லிமிட்டரில் முதலில் அடிபடுபவை பேச்சின் 'ஸ்' ஒலியும் சிம்பலின் கணீரும்தான். டிரம் அடியும் மொத்தையாகிவிடும். சத்தம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ள நேயர் கையில் குமிழ் இருக்கிறது. நசுங்கிய ஓசையை நிமிர்த்தத்தான் எந்தக் குமிழும் இல்லை.