ஒரு மணித்தியாலம், ஒரே பாதை

அக்கரப்பத்தனை டவுனில் எனக்கொரு சின்னக் கடை இருக்கிறது. போனுக்கு ரீலோட் போடுவேன், போட்டோ கொப்பி எடுப்பேன், அடையாள அட்டைக்குப் படம் பிடித்துக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் டயகமப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள் உள்ளே வந்து, போனில் விளையாட நல்ல கேம் இருந்தால் சொல்லச் சொல்வார்கள். ஒரு பெயரைச் சொன்னேனோ இல்லையோ, கேள்வி வந்துவிடும்: "எத்தன மணித்தியாலம் ஓடும்க்கா?" அதற்குப் பதில் சொன்னால் அடுத்தது: "எங்க வேணும்னாலும் போகலாமா, ஒரே வழிதானா?"

வீடியோ கேம்களைப் பற்றி உலகத்தில் எங்கே யார் குறை சொன்னாலும் இந்த இரண்டும் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மற்றது, ஆடுபவர் தன் விருப்பப்படி எங்கும் போக முடியாது. கதை கையைப் பிடித்து ஒரே பாதையில் கூட்டிப்போகிறது. இந்த இரண்டாவதை 'நேர்கோட்டு விளையாட்டு' என்கிறார்கள். இதற்கு நேரெதிரானது 'திறந்த உலகம்'. அதில் பெரிய நிலப்பரப்பு ஒன்றை விரித்துவிடுவார்கள். மலையேறுவதும் ஆற்றில் இறங்குவதும் கதையை அப்படியே விட்டுவிட்டு ஊர் சுற்றுவதும் ஆடுபவர் பாடு.

இந்த இரண்டு குறைகளும் ஒன்றாகச் சேர்ந்து விழுந்தது ஒரு தமிழ் விளையாட்டின் மேல். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

'வெண்பா' 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் படைப்பு. அதை இயக்கிய அபி சிறு வயதில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போனவர். 1988-இல் கனடாவில் குடியேறியிருக்கும் வெண்பா, அவள் கணவன் பாவலன், பிறகு பிறக்கும் மகன் கவின், இவர்கள் மூவரின் கதை. ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவின் தாய் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி, தோசை என்று ஒவ்வொன்றாகச் சமைக்க வேண்டும். சமைக்கச் சமைக்க வருடங்கள் ஓடுகின்றன. மொத்தமாக ஒரு மணித்தியாலம், நிதானமாக ஆடினால் ஒன்றரை. பேச்சில் அங்கங்கே பதிலைத் தெரிவு செய்யலாம் என்றாலும் கதை போகிற திசை மாறாது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது இதுதான். அதே வருடம் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் இதற்கே கிடைத்தது.

கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி தீபாவளி லீவுக்கு லெப்டொப்போடு வந்திருந்தபோது, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து இதை ஆடினோம். அம்மா காலமெல்லாம் கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போனவர். கேம் என்றால் எட்டியும் பார்க்கமாட்டார். இட்லித் தட்டு திரையில் வந்ததும் எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார். தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று தம்பி யோசித்துக்கொண்டிருந்தான். "ஓட்டைக்கு மேல ஓட்ட வராம திருப்பி வைடா" என்றார் அம்மா. அதுதான் விடை.

ஆடி முடித்ததும் தம்பி சொன்னான்: "என்னாக்கா இது, ரொட்டி சுட்டு எறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இதுக்குப் பதினஞ்சு டொலரா?"

விலையைப் பற்றி அவன் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். வெண்பா வந்த நேரம் தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. 15 டொலர் என்றால் அன்றைக்கு 4,500 ரூபாவுக்கு மேல். நாலு நாளுக்கு மேல் மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிப் பறித்த கொழுந்தின் கூலி ஒரு மணித்தியாலத்தில் கரைகிறது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆன பிறகும் அது மூன்று நாள் உழைப்புக்கு மேலாகத்தான் இருந்தது. எங்கள் வீடுகளில் ஒரு பொருளை வாங்கினால் எவ்வளவு நாளைக்கு வரும் என்றுதான் முதலில் பார்ப்போம், பார்க்கவும் வேண்டும். 'எத்தன மணித்தியாலம்' என்று பையன்கள் கேட்பதும் அந்தக் கணக்கில்தான்.

ஆனால் அது விலை மேல் உள்ள குறை. அதை விலை மேலேயே வைக்க வேண்டும். அரை விலைக்குக் கிடைத்தாலும் யாரோ ஓசியில் ஆடக் கொடுத்தாலும் வெண்பா அதே ஒரு மணித்தியாலம்தான். அந்த நேரத்துக்குள் அது என்ன செய்தது என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

விலையையும் படைப்பையும் ஒன்றாகக் குழப்பினால் சின்னப் படைப்பாளிகளின் வயிற்றில் அடி விழும். கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீமில் ஒரு விதி உண்டு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். வாங்குபவருக்கு நல்ல விதி, நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்றரை மணித்தியால விளையாட்டு என்றால் முழுவதும் ஆடி முடித்துவிட்டே காசைத் திருப்பி வாங்கிவிட முடியும். 2021-இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் விளையாட்டைச் செய்த எமிகா கேம்ஸுக்கு இதுவே நடந்தது. நல்ல விமர்சனம் எழுதியவர்கள்கூடக் காசைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி, விளையாட்டு செய்வதையே காலவரையின்றி நிறுத்துவதாக அதைச் செய்தவர் அறிவித்தார்.

நீளம் நல்லது என்ற நம்பிக்கையை யார் வளர்த்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் போலந்தின் டெக்லாண்ட் நிறுவனம், தங்கள் 'டையிங் லைட் 2' விளையாட்டை முழுமையாக முடிக்கக் குறைந்தது 500 மணித்தியாலம் வேண்டும் என்று பெருமையாக அறிவித்தது. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள் கொதித்துப்போனார்கள். முக்கியக் கதைக்கு 20 மணித்தியாலம் போதும் என்று நிறுவனம் பின்னால் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. என் கடைக்கு வரும் பையன்கள் ஆடும் ஃப்ரீ ஃபயருக்கோ முடிவே கிடையாது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கிச் சுமார் பத்து நிமிடம் சண்டை, பிறகு திரும்பவும் முதலிலிருந்து. இலவசம்தான். ஆனால் உடுப்புக்கும் துப்பாக்கிக்கும் 'டைமண்ட்' வாங்க வேண்டும், டேட்டாவுக்கு ரீலோட் போட வேண்டும். ஒரு பையன் மாதம் முழுக்க அதில் போடும் காசைக் கல்லாவில் வாங்குகிறவள் நான். முடிவில்லாமல் ஓடும் அந்த நீளம் ஒரு வியாபாரம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முடிகிற எதுவும் குறையாகத்தான் தெரியும்.

2007-இல் வால்வ் வெளியிட்ட 'போர்ட்டல்' மூன்று, நாலு மணித்தியாலத்தில் முடியும். 2012-இல் வந்த 'ஜர்னி' இரண்டு மணித்தியாலம். சிறந்த விளையாட்டுகள் என்று எழுதப்படும் பட்டியல்களில் இரண்டும் இன்னும் இருக்கின்றன. போனில் ஆட வேண்டுமென்றால் 2018-இல் வந்த 'ஃபுளோரன்ஸ்' இருக்கிறது. ஒரு பெண்ணும் கிரிஷ் என்ற செல்லோ வாசிக்கும் இளைஞனும் காதலித்துப் பிரியும் கதை. அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. இருவரும் முதல் தடவை பேசும்போது, பேச்சுக் குமிழைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பொருத்த வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறையும், பேச்சு சரளமாகும். சண்டை வரும்போது துண்டுகளின் விளிம்பு கூராகிவிடும். ஒரு உறவு இறுகுவதையும் முறிவதையும் விரல் நுனியில் உணரச் செய்ய அந்த அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

சரி, ஒரே பாதை என்ற குறை?

எங்கள் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிப் போவார்கள். பௌர்ணமி இரவு சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். ரதி போகாதே என்று தடுப்பாள். அவன் போவான், எரிவான். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து லாவணியில் வாதாடுவதுண்டு. இங்கே எங்கள் கூத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. வேடம் கட்டியவருக்கும், தப்பு அடிப்பவருக்கும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனியில் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கும் முடிவு தெரியும். தெரிந்துதான் ரதி ஒவ்வொரு வருடமும் மன்மதனின் வழியை மறிக்கிறாள். ரதி வேடம் கட்டும் ஆளிடம், முடிவை மாற்ற முடியாத இந்த ஆட்டத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். அவன் பதிலை விட அந்த இரவு அவன் காலில் கட்டிய சலங்கை சொல்லும் பதில் தெளிவாக இருக்கும்.

முடிவு ஒன்றாக இருப்பதும் ஆடுபவருக்கு வேலை இல்லாமல் போவதும் வேறு வேறு விஷயம். வெண்பாவில் ஒரு கட்டத்தில், வெளியே படிக்கப் போன மகனுக்காகத் தாய் பலதும் சமைத்து அடுக்குவாள். அத்தனையும் ஆடுபவர் கையால் செய்தது. வெங்காயம் வதக்கியது நாம், தாளித்துக் கொட்டியது நாம். மகன் வரவில்லை. அந்த இடத்தில் 'மகன் வரட்டும்' என்று ஒரு பொத்தானை வைத்திருந்தால் எனக்கு வாங்கிய காசு வீண் என்று தோன்றியிருக்கும். தாய் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் பிள்ளை விலகிப்போவான் என்பதுதான் அந்தக் கதை. பிறகு வளர்ந்த மகன் அதே குறிப்பேட்டைத் திறந்து, தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறிச் சமைக்கும்போது, ஆடுபவர் கையும் அவனோடு சேர்ந்து தடுமாறுகிறது. நம் விருப்பத்துக்குத் திரும்பும் கதையில் இந்தத் தடுமாற்றத்துக்கு இடம் கிடைத்திருக்காது.

மலையகத்தில் பிறந்தவளாக இதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் பங்கு பிரிக்கப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. என் அத்தை குடும்பம் தலவாக்கலை ஸ்டேஷனில் ஏறிப் போனது. உறவுகள் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. கோச்சி தலைமன்னாருக்கு, அங்கிருந்து இராமானுஜம் கப்பல் இராமேஸ்வரத்துக்கு, அடுத்து மண்டபம் முகாம். ஒரே பாதை, இடையில் எங்கும் பிரியவில்லை.

இந்தப் பயணத்தை யாராவது ஒரு நாள் விளையாட்டாகச் செய்தால், அதில் ஆடுபவருக்குச் செய்ய எவ்வளவோ இருக்கும். தகரப் பெட்டியில் எதை வைப்பது, ஆட்டையும் கோழியையும் யாரிடம் விடுவது, பக்கத்து லயத்தில் யாரிடம் முதலில் சொல்லிக்கொள்வது. ஆனால் தலவாக்கலையில் கோச்சியை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போகும் வழியை மட்டும் அதில் வைக்கக் கூடாது. வைத்தால் என் அத்தை போகாமல் இருந்திருக்கலாம் என்று அந்த விளையாட்டு சொல்வதாகிவிடும்.

இந்தக் குறைகள் எங்குமே நியாயமாகாது என்று நான் சொல்ல வரவில்லை. 2015-இல் வந்த 'தி ஆர்டர்: 1886' அறுபது டொலருக்கு விற்கப்பட்டது, ஐந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது என்று சண்டையே நடந்தது. அதில் என் குறை மணித்தியாலத்தின் மேல் இல்லை. பாதி நேரம் அது ஒரு படத்தை ஓடவிட்டு ஆடுபவரைக் கையைக் கட்டிப் பார்க்க வைக்கிறது. இடையிடையே ஒரு பொத்தானை அழுத்தச் சொல்கிறது. பாதை ஒன்றாக இருந்து நடப்பதற்குக் காலும் கொடுக்காவிட்டால் அது குறைதான். சீக்கிரம் முடிகிறது என்ற குறையும் சில இடத்தில் நியாயம்தான். புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ், மக்களிடம் பணம் திரட்டும் முயற்சி தோற்ற பிறகும் விடாமல் நின்று 2020-இல் 'ராஜி'யைக் கொண்டு வந்தது. கடத்தப்பட்ட தம்பியைத் தேடிப் போகும் அக்காவின் கதை. பழைய கோட்டைகளும் கோவில்களும் அதில் அவ்வளவு அழகு. ஆனால் தேடலின் உச்சியில் கதை திடீரென்று அறுந்து நிற்கும். அங்கே சின்னதாக இருக்கிறது என்று சொன்னவர்களோடு நானும் நிற்பேன். தான் தொடங்கியதை அது முடிக்கவில்லை.

இந்த அளவை வைத்து வெண்பாவையும் பார்க்க வேண்டும். சமையல் புதிர்கள் எனக்கு இளகலாகத்தான் பட்டன. பிழையாகச் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, மறுபடி செய்யலாம். கிழிந்த குறிப்பேட்டோடு ஒருத்தி அந்நிய ஊரில் தட்டுத்தடுமாறும் பாடு கையில் இன்னும் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும்.

தம்பி கொழும்புக்குத் திரும்புவதற்கு முந்தைய இரவு சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சை மறுபடி எடுத்தான். ஒரு மணித்தியாலக் கணக்கை விட்டுவிட்டான். "அந்தப் பாவலனுக்கு ஒரு அத்தியாயம் தனியா குடுத்திருக்கணும்க்கா. அம்மா சமைக்கிறத முழுசா பாத்தோம், மகன் சமைக்கிறதயும் பாத்தோம். அந்த மனுசன் அந்த ஊர்ல எப்படி வேல தேடுனாரு, என்ன பட்டாருன்னு நம்ம கையால ஒன்னும் செய்யலயே" என்றான். அடுப்படியிலிருந்து அம்மாவும் ஆமா என்றார். எனக்கு மறுத்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.