கையுறைக்குள் ஒரு பாஸ்போர்ட்

முகம்மது அலி 2016 ஜூன் 3 அன்று அமெரிக்காவில் காலமானார். கேரளத்தின் அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் இ.பி.ஜெயராஜன் ஒரு மலையாளத் தொலைக்காட்சியில் இரங்கல் தெரிவித்தார். தங்கம் வென்று கேரளத்தின் புகழை உலகெங்கும் உயர்த்தியவர் அலி என்பது அவர் சொன்னதன் சாரம். கொச்சி முதல் வளைகுடா வரை மலையாளிகள் சிரித்துத் தீர்த்தார்கள். அமைச்சர் தரப்பிலிருந்து பிறகு விளக்கமும் வந்தது.

சிரிப்புச் சத்தத்தில் ஒரு விஷயம் காதில் விழாமல் போயிற்று. கேரளத்துக்கு உண்மையிலேயே ஒரு குத்துச்சண்டை உலக சாம்பியன் உண்டு. அதுவும் அமைச்சரின் கண்ணூர் மாவட்டத்திலேயே. 2006-ல் டெல்லியில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் கே.சி.லேகா. அவருக்குத் தியான் சந்த் விருது கிடைத்தது 2021-ல், பதினைந்து ஆண்டுகள் கழித்து. அந்த டெல்லிப் போட்டியில் இந்தியாவுக்கு நான்கு தங்கம். மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, லேகா. நாடு நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் முதல் பெயரை மட்டும். ஆறு முறை உலகப் பட்டம் வென்றவரை முதலில் சொல்வதில் தவறில்லைதான். மற்ற மூவரை அறவே மறந்ததற்கு அது சமாதானம் ஆகாது.

ஒரு சாம்பியனின் மதிப்பு அவர் கைகளில் மட்டும் இல்லை என்பது குத்துச்சண்டை உலகில் பழைய சந்தேகம். எல்லாக் காலத்துக்குமான சிறந்த பத்துப் பேர் என்று பட்டியல் வரும்போதெல்லாம் சண்டை மூளும். நிறம் பார்த்தார்கள் என்பார்கள். அமெரிக்கர் அல்லாதவரை ஒதுக்கினார்கள் என்பார்கள். பட்டியல் போட்டவர் அப்படியெல்லாம் இல்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் அங்கே இல்லை.

1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி, ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர் ஆனார் ஜாக் ஜான்சன். அதற்கு முன் வெள்ளைச் சாம்பியன்கள் கறுப்பரோடு பட்டத்துக்கு மோத வெளிப்படையாகவே மறுத்துவந்தார்கள். 'நிறக்கோடு' என்று அதற்குப் பெயரே இருந்தது. 1915-ல் ஹவானாவில் ஜான்சன் தோற்றதும் கோடு மறுபடி விழுந்தது. அடுத்து ஒரு கறுப்பர், ஜோ லூயிஸ், அந்தப் பட்டத்தைத் தொட்டது 1937-ல். இடைப்பட்ட காலத்தின் பெரிய பெயர் ஜாக் டெம்ப்சி. அவரை எதிர்க்கத் தகுதியானவர் என்று பேசப்பட்ட கறுப்பர் ஹாரி வில்ஸ், பல ஆண்டுகள் காத்திருந்தும் அந்த வாய்ப்பைப் பெறவில்லை. கனடாவில் பிறந்த சாம் லாங்ஃபோர்டின் கதை இன்னும் கசப்பானது. வெள்ளையர்கள் அவருக்கு அஞ்சினார்கள். பட்டம் கையில் இருந்தபோது ஜான்சனும் அவருக்கு இடம் தரவில்லை.

இன்றைய பட்டியல்களில் டெம்ப்சி முன்வரிசையில் நிற்கிறார். வில்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். நடந்த சண்டைகளை மட்டும் ஒருவர் நேர்மையாக எண்ணிக்கொண்டு போனாலும், நடக்கவிடாமல் செய்த சண்டைகளின் அநீதி அந்தக் கணக்கில் தானாகவே ஏறிவிடுகிறது. தனிமனிதரின் கருத்தைத் திருத்துவது இதைவிட எளிது. 'தி ரிங்' பத்திரிகையை 1922-ல் தொடங்கிய வெள்ளையரான நாட் ஃபிளைஷர், ஹெவிவெயிட் வீரர்களில் தலைசிறந்தவர் ஜான்சன்தான் என்றே மதிப்பிட்டார்.

வெள்ளைத் தோலின் பெருமை அட்லாண்டிக் கரையில் மட்டும் விற்ற சரக்கல்ல. காலனி ஆட்சிக் காலத்துச் சென்னையில் ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெரியிடம் தமிழ் வீரர்கள் அடுத்தடுத்துத் தோற்றதையும், சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து அவரை வீழ்த்தியதையும் வடசென்னையில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பெரியார் அவரைத் 'திராவிட வீரன்' என்று பாராட்டியதாகவும் சொல்வார்கள். ஒரு குத்துச்சண்டை வெற்றிக்கு அப்படி ஒரு பட்டம் பொருந்தியதென்றால், ரிங்குக்குள் மோதியது இரண்டு பேர் மட்டுமல்ல என்பது விளங்கும். உலகத் தரவரிசை எதிலும் முத்துவின் பெயர் இல்லை. ராயபுரத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நிறத்துக்கு அடுத்தது நாடு. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் 71 கிலோ இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் விட்ட குத்துகளில் 86 இலக்கைத் தொட்டன. தென்கொரியாவின் பார்க் சி ஹுன் தொட்டது 32. தீர்ப்பு 3-2, பார்க்குக்கு. ஆனால் அந்த ஒலிம்பிக்ஸின் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். அவமானத்தைத் துடைக்க 1992-ல் கணினிப் புள்ளி முறை வந்தது. 2013-ல் அதுவும் போயிற்று. சர்வதேச சங்கத்தின் அங்கீகாரத்தையே 2023-ல் ஒலிம்பிக் கமிட்டி பறித்துக்கொண்டது. அதே ஆண்டில் பார்க் அமெரிக்கா சென்று, முப்பத்தைந்து வருடம் தன்னிடம் இருந்த தங்கத்தை ஜோன்ஸின் கையில் கொடுத்தார்.

இந்தியர்களுக்கு இந்த வலி நெருக்கமானது இஞ்சியோனில். 2014 ஆசிய விளையாட்டு, 60 கிலோ அரையிறுதி. எதிரே தென்கொரியாவின் பார்க் ஜினா, சுற்றிலும் அவருடைய ஊர்க் கூட்டம். மணிப்பூரின் சரிதா தேவி அவரைத் திணறடித்ததாகத்தான் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்று நடுவர்களும் பார்க்குக்கே வெற்றியைத் தந்தார்கள். மூவரில் ஒருவர்கூடக் கொரியர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே இஞ்சியோனில் மேரி கோம் தங்கம் வென்றார் என்பதும் உண்மை. ஆக, இந்தியக் கொடியைக் கண்டாலே புள்ளியைக் குறைத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. சொந்த மண்ணில் ஆடும் வீராங்கனையின் ஒவ்வொரு குத்துக்கும் அரங்கம் அதிரும்போது, நடுவரின் கண்ணும் காதின் வழியே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

இந்திய அணியின் முறையீடு தள்ளுபடியானது. பரிசளிப்பு மேடையில் சரிதா அழுதுகொண்டே வெண்கலத்தைக் கழுத்தில் வாங்க மறுத்தார். கையில் வாங்கி, பக்கத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற பார்க் ஜினாவின் கழுத்தில் போட்டார். மணிப்பூர்ப் பெண்களின் முகத்தைப் பார்த்து நீ எந்த நாடு என்று கேட்கும் இந்திய நகரங்கள், அன்றைக்குச் சந்தேகமே இல்லாமல் அவரைத் தங்கள் மகளாக ஏற்றுக்கொண்டன.

சர்வதேச சங்கம் ஏற்கவில்லை. சரிதா மன்னிப்புக் கேட்ட பிறகும் ஓராண்டுத் தடை விதித்தது. தீர்ப்பு எழுதிய நடுவர்களுக்குத் தடை ஏதும் இல்லை. 2015 அக்டோபரில் தடை முடிந்து சரிதா மறுபடி கையுறை மாட்டினார். ரியோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி கிடைக்கவில்லை. இஞ்சியோன் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வெண்கலம் என்றுதான் இருக்கிறது.