உலையில் எரிந்த பட்டியல்!

ஆஸ்பத்திரிக்கும் பரீட்சை உண்டு

1919-ம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் நியூயார்க் நகரம்.

அங்குள்ள வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற பெரிய ஓட்டலில் டாக்டர்களின் மாநாடு நடந்தது. நள்ளிரவு நேரம். ஓட்டலின் உலையில் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. அதற்குள் ஒரு பட்டியலைப் போட்டார்கள். சிறிது நேரத்தில் அது சாம்பலாகிவிட்டது!

அது என்ன பட்டியல்? ஏன் அதை எரித்தார்கள்?

692-ல் 89!

அமெரிக்க அறுவை மருத்துவர்களின் சங்கம், ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு பரீட்சை வைத்தது. கேள்விகள் கடினமானவை அல்ல. ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பு எழுதி வைக்கிறீர்களா? டாக்டர்கள் கூடி, நடந்த வைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறீர்களா? ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் வசதி உண்டா? இப்படிச் சில கேள்விகள்தான்.

100 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள 692 ஆஸ்பத்திரிகள் சோதிக்கப்பட்டன. தேறியவை எத்தனை தெரியுமா? வெறும் 89! தோற்றவற்றில் நாடெங்கும் பெயர்பெற்ற ஆஸ்பத்திரிகளும் இருந்தன.

பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? நாடே கலங்கிவிடும் என்று சங்கத்தார் பயந்தார்கள். அதனால்தான் அதைத் தீக்கு இரையாக்கினார்கள்.

பட்டியல் எரிந்தது, பரீட்சை எரியவில்லை. ஆண்டுதோறும் சோதனை தொடர்ந்தது. 1950-ம் ஆண்டுக்குள் 3,200-க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் தேறிவிட்டன.

தவறை எழுதிய டாக்டர்

இந்தப் பரீட்சைக்கு வித்திட்டவர் பாஸ்டன் நகர டாக்டர் எர்னஸ்ட் காட்மன். "வைத்தியம் செய்து அனுப்பிவிட்டால் போதாது. ஒரு வருஷம் கழித்து அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்" என்பது அவர் கொள்கை.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. சொந்தமாக ஒரு சிறிய ஆஸ்பத்திரி நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கே வைத்தியம் பெற்றுச் சென்றவர்கள் 337 பேர். அவர்களுக்குச் செய்த வைத்தியத்தில் 123 தவறுகளை அவரே கண்டுபிடித்து, அச்சிட்டு வெளியிட்டார்! மற்ற டாக்டர்கள் அவர்மேல் கோபம் கொண்டார்கள். காட்மன் 1940-ல் காலமானார். பல ஆண்டுகள் அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 2014-ல்தான் வைத்தார்கள்.

கிராமத்துக்கு வந்த பரீட்சை

பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்த அதே பரீட்சை இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வந்துவிட்டது.

நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று 1946-ல் போர் கமிட்டி சொன்னது. 1952-ல் அவை ஏற்படத் தொடங்கின. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. காய்ச்சல், தடுப்பு ஊசி, பிரசவம் எல்லாவற்றுக்கும் ஏழை மக்கள் முதலில் போவது அங்கேதான்.

கட்டிடம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். ஆனால் வைத்தியம் நன்றாக இருக்கிறதா? இதைச் சோதிக்க, 2013-ல் மத்திய அரசு தேசியத் தர உறுதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 100-க்கு 70 மார்க்காவது வாங்கினால்தான் சான்று கிடைக்கும். அந்தச் சான்றும் 3 ஆண்டுக்குத்தான். பிறகு மறுபடியும் பரீட்சை!

என்ன பார்க்கிறார்கள்?

சோதனைக்கு வருபவர்கள் நான்கு விதமாகப் பார்க்கிறார்கள். கண்ணால் பார்ப்பது ஒன்று. ஊழியர்களைக் கேட்பது இரண்டு. பதிவேடுகளைப் புரட்டுவது மூன்று. நோயாளியையே கேட்பது நான்கு.

"கை கழுவிக் காட்டுங்கள்" என்று நர்சிடம் சொல்வார்கள். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் சேர்த்து, முறைப்படி கழுவிக் காட்ட வேண்டும்.

குப்பைத் தொட்டியையும் விடுவதில்லை. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பையில். ஊசி முனைகள், குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில். ஊசி தவறிக் குப்பையில் விழுந்தால், குப்பை அள்ளும் தொழிலாளியின் கையை அல்லவா குத்தும்?

உயிர் காக்கும் குளிர்பெட்டி

பிரசவ அறைக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர்பெட்டியையும் திறந்து பார்ப்பார்கள். இது ஏன்?

பிரசவம் முடிந்ததும் சில தாய்மாருக்கு ரத்தம் நிற்காமல் போகும். அதைத் தடுக்க ஆக்சிடோசின் என்ற ஊசி போடுகிறார்கள். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் அலமாரியில் கிடந்தால் அதன் வீரியம் குறைந்துவிடும். மருந்து இருக்கும், ஊசியும் போடுவார்கள். ஆனால் ரத்தம் நிற்காது!

குளிர்பெட்டியின் வெப்ப அளவைத் தினமும் எழுதுவது அற்ப வேலையாகத் தோன்றலாம். ஒரு தாயின் உயிர் அந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது.

ஒரு நாள் கூத்தா?

"அதிகாரி வருகிற நாளில் வெள்ளை அடிப்பார்கள். மறுநாள் பழைய கதைதான்" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பதிவேடு எழுதுவதே பெரிய வேலையாகி, நோயாளியைப் பார்க்க நேரம் போதவில்லை என்று நர்சுகள் குறைப்படுவதும் உண்டு. ஆள் இல்லாத இடத்தில் சான்றுக் காகிதம் வைத்தியம் பார்க்காது.

ஆகவேதான், ஒவ்வொரு நிலையத்திலும் ஊழியர்களே ஒரு தரக் குழு அமைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வெளியார் வருமுன் அவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும். எங்கே மார்க் குறைந்தது, ஏன் குறைந்தது என்று கூடிப் பேச வேண்டும். காட்மன் தன் தவறைத் தானே எழுதினாரே, அதே வழிதான்!

மக்களுக்கும் பங்கு உண்டு

சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. என்னென்ன சேவை, எந்த நேரத்தில் கிடைக்கும் என்று பலகை இருக்கிறதா? என்னென்ன மருந்து உண்டு என்று எழுதியிருக்கிறதா? புகார்ப் பெட்டி இருக்கிறதா? இவற்றைப் பார்க்கலாம், இல்லையென்றால் கேட்கலாம். சோதிக்க வந்தவர் விசாரித்தால், உள்ளதை உள்ளபடி சொல்லலாம். நோயாளி சொல்லும் பதிலுக்கும் மார்க் உண்டு.

அன்று மக்களுக்குத் தெரியக்கூடாது என்று பட்டியலை உலையில் போட்டார்கள். இன்று தேறிய நிலையங்கள் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைக்கின்றன. சுவரில் தொங்கும் காகிதத்தைப் பார்க்கிறவர்கள், குழாயடியில் நர்சு கை கழுவுகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது!